பிடியும் முழங்கையும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பகல் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருக்கிறீர்கள். பலருடைய தோளில் நூல் பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனி வீட்டுக்குப் போய்த்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களும் நிறைய. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

முழங்கையின் வெளிப்பக்கத்து வலியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இந்த வலிக்காரர்கள் சொல்லும் குறைகள் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்பினால் சுருக்கென்று இழுக்கிறது. ஆனால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. கையை நீட்டினால் நீட்ட வருகிறது, மடக்கினால் மடக்க வருகிறது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பழுதில்லாமல் இருக்கிறது. அதனால் கம்பெனியில் சூப்பர்வைசர் நம்புவதில்லை. சில வீடுகளில் வீட்டுக்காரரே நம்புவதில்லை. "வேலை செய்யச் சோம்பல்பட்டு நடிக்கிறாள்" என்ற சொல்லைக் கேட்டுக் கண்கலங்கியபடி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் நடிக்கவில்லை. அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று மருத்துவத்துக்குத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அது குணமாகும். அந்தக் குணம் எப்படி வருகிறது என்பதில்தான் நம்மிடையே தவறான நம்பிக்கைகள் மண்டிக் கிடக்கின்றன. ஊசி போட்டால் தீரும் என்று பாதிப் பேர் நினைக்கிறோம்; வேலையை விட்டால்தான் தீரும் என்று மீதிப் பேர் நினைக்கிறோம். பலவீனப்பட்ட கைக்குப் படிப்படியாகப் பலம் ஏற்ற வேண்டும். கை செய்கிற வேலையின் முறையையும் மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் இந்த வலி போகும்.

இருந்த இடத்திலேயே எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். வலது முழங்கையை லேசாக மடக்குங்கள். வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்கு இரண்டு விரல்கடை கீழே, முன்கையின் மேல் இடது கைக் கட்டைவிரலை வையுங்கள். இப்போது வலது கையை இறுக மூடுங்கள். திறங்கள். மறுபடி மூடுங்கள். கட்டைவிரலுக்கு அடியில் தசை எழும்புவது தெரிகிறதா? முன்வரிசை அக்கா தலையாட்டுகிறார், அவருக்குத் தெரிந்துவிட்டது.

விரல்களை மடக்குகிற தசைகள் முன்கையின் உள்பக்கம் இருக்கின்றன. அப்படியிருக்க, கையை மூடினால் வெளிப்பக்கம் ஏன் இறுக வேண்டும்? மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு, அந்த நிலையில் முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். இறுகாது, பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டு சற்றுப் பின்னால் நிமிர்ந்து நின்றால்தான் விரல்களுக்குப் பிடி வரும். விரல்கள் இழுக்கும்போது மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதே அந்த வெளிப்பக்கத் தசைகளின் வேலை. கத்தரிக்கோலைப் பிடித்தாலும், கரண்டியைப் பிடித்தாலும், வண்டியின் ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் ஒவ்வொரு பிடிக்கும் அவை ஒரு முறை இறுகித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தசைகளில் ஒன்று குட்டையானது. அதன் கீழ்முனை உள்ளங்கைக்குப் பின்புறம், நடுவிரலுக்கு அடியிலுள்ள எலும்பில் முடிகிறது. மேல்முனை நீங்கள் தொட்டீர்களே, அந்த எலும்பு முண்டில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருக்கும் இடம் ஏறக்குறைய சுண்டுவிரல் நகத்தளவுதான். நாள் முழுதும் நாம் பிடிக்கிற பிடியெல்லாம் அந்த நகத்தளவு இடத்தில் இழுக்கிறது. தசையை எலும்போடு சேர்க்கும் அந்த வெள்ளை நாரைத் தசைநாண் என்கிறோம். இன்றைய பேச்சு முழுதும் அந்தத் தசைநாணைப் பற்றியதுதான்.

செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டும் ஒருவரைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். இடது கையில் டி-ஷர்ட், வலது கையில் சின்னக் கத்தரி. கழுத்தில் ஒரு நூல், இரண்டு கைமடிப்பிலும் நூல், அடிமடிப்பில் நூல், லேபிள் ஓரத்தில் நூல். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அழுத்தம். கத்தரியின் ஸ்பிரிங் கனமாக இருந்தால் அழுத்தமும் கூடும். கத்தி மழுங்கியிருந்தால் ஒரு நூலுக்கே இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டும். வெட்டி முடித்த பீஸைக் கத்தரியைக் கையில் வைத்தபடியே புரட்டி, உதறி, அடுக்கில் போடுகிறார். அழுத்தத்துக்கும் அழுத்தத்துக்கும் நடுவில் கை தளர்வதே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் வலிக்குக் கத்தரியையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. அடுத்த முறை வரும்போது அதை எடுத்துவரச் சொன்னேன்.

அயர்ன் டேபிளில் வேறு விதம். ஸ்டீம் பெட்டியைத் தேய்க்கும்போது கைக்குப் பெரிய பாரம் இல்லை. ஒவ்வொரு பீஸுக்கும் உள்ளங்கை தரையைப் பார்க்க அதைத் தூக்கித் தூக்கி வைப்பதில்தான் பாரம். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷின்களில் உட்கார்ந்திருப்பவருக்குத் துணியைத் தள்ளிக்கொடுக்கிற வேலையைவிட, பக்கவாட்டில் கையை நீட்டிக் கட்டுக் கட்டாகப் பீஸை இழுப்பது முழங்கையைக் கெடுக்கிறது. கையை முழுதாக நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்நுனியால் பிடித்து இழுப்பதைப் போல அந்தத் தசைநாணை வருத்துவது வேறில்லை.

இதெல்லாம் கம்பெனியில். வீட்டுக்குப் போனால் பெண்களுக்கு இரண்டாவது ஷிப்ட். கிரைண்டர் கல்லைத் தூக்க வேண்டும், குக்கர் மூடியைத் திருக வேண்டும், போர்வையைப் பிழிய வேண்டும். "ரெஸ்ட் எடுங்கம்மா" என்று மருத்துவர் ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்புகிறார். எங்கே எடுப்பது என்று அவரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை.

பொதுவாக 35 வயதிலிருந்து 55 வயதுவரைதான் இது அதிகம் வருகிறது. ஆண், பெண் இருவருக்கும் வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. டாக்டர் சீட்டில் 'டென்னிஸ் எல்போ' என்று எழுதியிருந்தால் இதுதான்.

அந்தத் தசைநாணுக்கு உள்ளே என்ன நடக்கிறது? நீண்ட காலம் மருத்துவர்கள் இதை அழற்சி என்றே நினைத்தார்கள். அழற்சியென்றால் அதை அடக்கும் மாத்திரையும் ஊசியும் கொடுத்தால் தீர வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் ராபர்ட் நிர்ஷல் என்ற எலும்பு அறுவை மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும், அறுவையில் எடுத்த தசைநாண் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். எதிர்பார்த்த அழற்சி அணுக்கள் அங்கே இல்லை. வரிசையாக ஓட வேண்டிய நார்கள் தாறுமாறாகக் கிடந்தன; நடுநடுவே தேவையில்லாத சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. நாள்பட்ட டென்னிஸ் எல்போ என்பது தேய்ந்த நாரைச் சரிசெய்யப் போன உடல், வேலையை முடிக்காமல் பாதியில் விட்டுவிட்ட நிலை என்று அதிலிருந்து புரிந்தது.

கிணற்றில் நீர் இறைக்கும் கயிறு ஓரிடத்தில் நைந்து போனதாக வைத்துக்கொள்ளுங்கள். கயிறாக இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். உடம்பிலுள்ள நாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது தன்னைத் தானே திரும்ப முறுக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்தப் பக்கம் இழுபடுகிறோம், எவ்வளவு இழுபடுகிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். அளவான இழுவை வந்தால்தான் நாரிலுள்ள உயிரணுக்கள் புது நாரை அந்த வாக்கில் அடுக்கும். இழுவையே இல்லாமல் கையைக் கட்டி வைத்தால் நார் இன்னும் நொய்ந்துபோகும். நம் ஊரில் பொங்கல் லீவு முடிந்ததும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பத்து நாள் சொந்த ஊரில் இருந்தவருக்கு வலி சுத்தமாக இல்லை, தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார். திரும்பி வந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்த மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே வலி. லீவில் வலி ஓய்ந்தது, பலம் வரவில்லை.

இனி ஊசி. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "ஏனுங் டாக்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிருமுங்களா?"

பவர் டேபிள் தையல் மிஷின் ஓட்டும் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். முழங்கை வலிக்கு ஓரிடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது. சந்தோஷமாக ஓவர்டைம் பார்த்தார். மூன்றாம் மாதம் வலி திரும்பியது. இரண்டாவது ஊசி. அது பாதிக் காலம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு என்னிடம் வந்தபோது, ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து, அடியிலிருந்த கொழுப்பு கரைந்து குழி விழுந்திருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அந்தக் கையை மீட்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இது ஒருவருடைய கெட்ட நேரம் என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு குழுவுக்கு இயன்முறை சிகிச்சை. மூன்றாவது குழுவை யோசனை மட்டும் சொல்லிக் காத்திருக்க விட்டார்கள். ஆறு வாரத்தில் ஊசிக் குழுவில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இயன்முறைக் குழுவில் 47, காத்திருந்தவர்களில் 32. அத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் ஊசிதான் மருந்து என்று முடிவாகியிருக்கும். ஒரு வருடம் கழித்து அதே ஆட்களைப் பார்த்தபோது கணக்குத் தலைகீழாக இருந்தது: இயன்முறைக் குழுவில் 91 சதவீதம், சும்மா காத்திருந்தவர்களில் 83, ஊசி போட்டவர்களில் 69. ஒன்றுமே செய்யாதவர்களைவிட ஊசி போட்டவர்கள் பின்தங்கிவிட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் 198 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. 2013-இல் அதே நாட்டில் 165 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் மருந்தில்லாத வெறும் ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியது ஸ்டீராய்டு குழுவில் 54 சதவீதம், வெறும் ஊசிக் குழுவில் 12. ஒரு சிகிச்சையைப் பற்றி இவ்வளவு தெளிவான விடை மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைத்தும், அவசரத்துக்கு வலி போனால் சரி என்று நோயாளி கேட்கிறார், மருத்துவர் போடுகிறார். நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும் என்பதால்தான் கேட்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போடுகிறவர் ஒரு வருடத்துக் கணக்கையும் சொல்லிவிட்டுப் போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2021-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, அதனால் குறிப்பிடும்படியான பலன் அநேகமாக இல்லை என்றது. கடன் வாங்கி அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். வயிறும் சிறுநீரகமும் கெடும். வலி தெரியாமல் தூங்க நாலைந்து நாள் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம், மேலே தடவும் ஜெல்லும் போடலாம். எண்ணெய் தடவி இதமாக வருடிவிடுவதில் தப்பில்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று அந்த எலும்பு முண்டின் மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். நொந்த இடம் மேலும் நோகும்.

இப்போது பயிற்சி. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், வீட்டில் செய்ய வேண்டியது நீங்கள்.

வலி கடுமையாக இருக்கிற முதல் இரண்டு மூன்று வாரம் கையை அசைக்காமலே செய்கிற பயிற்சி. முன்கையை மேஜை மேல் படுக்க வையுங்கள், மணிக்கட்டு மேஜை விளிம்பைத் தாண்டி இருக்கட்டும், உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இன்னொரு கையைப் புறங்கையின் மேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். வலிக்கிற கை மேலே எழும்ப முயல வேண்டும், ஆனால் இரண்டும் சமமாக நின்று எதுவும் நகரக் கூடாது. அப்படியே முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி. விட்டுவிட்டு ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து தடவை, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. முழு பலத்தையும் போட வேண்டாம். பாதி பலம் போதும். பலருக்கு இதைச் செய்து முடித்ததும் கொஞ்ச நேரம் வலி குறைந்தாற்போல் இருக்கும்.

அடுத்தது பாட்டில். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் அரைக் கிலோ. டம்பெல் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். முன்கையை முன்போலவே மேஜையில் வைத்துப் பாட்டிலைப் பிடியுங்கள். மணிக்கட்டை மேலே தூக்கும்போது இன்னொரு கையால் தூக்கிவிடுங்கள். இறக்கும்போது மட்டும் வலிக்கிற கை தனியாக, மனசுக்குள் ஐந்து எண்ணும் நேரத்தில், மெதுவாக இறக்க வேண்டும். மறுபடி நல்ல கை தூக்கிக் கொடுக்கும், நோகிற கை இறக்கும். பதினைந்து தடவை ஒரு சுற்று. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. தொப்பென்று விட்டால் பயனில்லை. பாரத்தைத் தாங்கியபடி தசை நீளும் அந்த மெதுவான இறக்கத்தில்தான் நார் பலப்படுகிறது. மூன்று சுற்றும் சுலபமாகிவிட்டால் முக்கால் கிலோ, பிறகு ஒரு லிட்டர் பாட்டில். அதற்கும் மேல் ஏற்ற வேண்டியவர்கள் பாட்டிலில் மணலை நிரப்பிக்கொள்ளலாம்.

செய்யும்போது வலிக்குமா? வலிக்கும். பத்துக்கு மூன்று, நான்கு என்று நீங்களே மதிப்புப் போடுகிற வலிவரை பயப்பட வேண்டாம். மறுநாள் காலை அது பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடுதலாக வலித்தால் பாரத்தைக் குறையுங்கள், பயிற்சியை விடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வலித்தது, கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஒரு மாதம் போனபின் துண்டு முறுக்கும் பயிற்சி சேர்க்கலாம். கனமான குளியல் துண்டைச் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் முறுக்கேற்றி, நோகிற கையால் அந்த முறுக்கை மெதுவாக விட்டுக்கொடுக்க வேண்டும். நியூயார்க்கில் இதே முறையை ரப்பர் தடியை வைத்துச் சோதித்து 2010-இல் நல்ல பலன் கண்டார்கள். தோளுக்கும் பயிற்சி வேண்டும், ஏனென்றால் தோள் தளர்ந்தவர்கள் எல்லா வேலையையும் மணிக்கட்டாலேயே செய்வார்கள்.

இந்தப் பயிற்சிகளுக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குக் குறைந்து யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதன் நார் மாதக்கணக்கில்தான் மாறும். கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு 2004-இல் இதே முழங்கை வலி வந்தது. 2005 மே மாதம் லண்டனில் அறுவை செய்துகொண்டு, அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக இறங்கி 93 ரன் அடித்தார். அவருடைய கை தேறி வரும்வரை ஒரு நாடே காத்திருந்தது. உங்கள் கைக்கும் அந்தக் காத்திருப்பு கிடைக்க வேண்டும். அறுவை என்றதும் பயந்துவிடாதீர்கள்: பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் கத்தி வைக்காமலே தீர்ந்துவிடுகிறது.

முழங்கைப் பட்டை வாங்குகிறவர்கள் அதை வலிக்கும் முண்டின் மேலேயே கட்டிக்கொள்கிறார்கள். அதற்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே, தசையின் மேல் கட்ட வேண்டும். வேலை நேரத்தில் மட்டும் கட்டி, தூங்கும்போது கழற்றிவிடுங்கள். விரல் மரத்தால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம்.

எல்லா முழங்கை வலியும் இதுவல்ல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனால் அது உள்பக்கம் ஓடும் நரம்பு. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி வேறு. முழங்கை வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் வலித்தாலோ, மணிக்கட்டைத் தூக்கவே முடியாமல் தொங்கினாலோ, பாட்டிலைத் தேடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பயிற்சியை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனால் பாதிப் பொறுப்பை உங்கள் தலையில் சுமத்திவிட்டுப் போனவனாவேன். காலையில் அரைக் கிலோ பாட்டிலால் ஏற்றிய பலத்தைப் பகல் முழுக்க மழுங்கிய கத்தரி கரைத்துவிடும். ஆகவே கம்பெனி நடத்துகிறவர்களும் லைன் பார்க்கிறவர்களும் கேட்க வேண்டியது இது.

கத்தரியை வாரம் ஒருமுறை சாணை பிடியுங்கள், ஸ்பிரிங் கனமானதை மாற்றுங்கள், பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். மெல்லிய பிடிக்குக் கை அதிகம் இறுக வேண்டும். ஸ்டீம் பெட்டியின் குழாயும் வயரும் மேலிருந்து தொங்கட்டும். பெட்டியை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால் தூக்கும் பாரம் கைக்கு வராது. டேபிள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். பீஸ் கட்டு கையை நீட்டாமல் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள். குழந்தையைத் தூக்கும்போதும் அப்படித்தான். பிசிறு வெட்டுபவரை அரை நாள் கழித்து மடிக்கும் டேபிளுக்கு மாற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கத்தரியைக் கீழே வைக்க விடுங்கள். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர் அந்த ஒரு நிமிடத்தைத் தானாக எடுக்க மாட்டார், எடுத்தால் அவர் காசு குறையும். அதை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டிலும் இதே நியாயம். போர்வையைப் பிழிய வேண்டாம், கொடியில் போட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள். கிரைண்டர் கல்லை வீட்டிலுள்ள ஆண்கள் தூக்குங்கள். இதற்கு ஒரு மருத்துவர் வந்து சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

1700-இல் இத்தாலியின் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர், தொழிலால் வரும் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேளுங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். முந்நூறு வருடத்துக்குப் பிறகும் பனியன் தொழிலாளியின் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்காமல் சீட்டு எழுதும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். என்ன மிஷின், எத்தனை மணி நேரம், எந்தக் கை என்று சொல்லுங்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில், பலம் போட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் இந்த முழங்கை நோய் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈயம், பாதரசம், பஞ்சுத் தூசு எல்லாம் இருந்தும் இது சேர்க்கப்படவில்லை. கணக்கில் வராத வலிக்குப் பரிகாரமும் வராது. இதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கை.

அதுவரை கையிலிருக்கும் உரிமையையாவது பயன்படுத்துங்கள். இஎஸ்ஐ காப்பீட்டுப் பிடித்தம் உள்ளவர்கள், தகுதிக்கான நாட்கள் நிறைந்திருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் வருடத்துக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகப் பெறலாம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள்.

சூப்பர்வைசர் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். முழங்கை வலிக்கிறது என்று லைனில் யாராவது சொன்னால் நம்புங்கள். அவர் சொன்ன அந்த வாரமே அவரை வேறு டேபிளுக்கு மாற்றுங்கள். வலி முற்றிய பிறகு அவருக்கு ஆகப்போவது மாதக்கணக்கு. பயிற்சியைச் செய்து பார்க்க விரும்புபவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், பாட்டில் கொண்டுவந்திருக்கிறேன்.